ஊசியா ஸ்டென்ட்டா? பெரியப்பாவுக்கு பண்ணது சரியா தப்பா

3 மார்ச் 2024, மாலை 6.15 (கேள்வி)

எங்க பெரியப்பாவுக்கு போன வாரம் விடிகாலையில அட்டாக். உடுமலை பக்கம் இருக்காங்க. பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில இ.சி.ஜி. எடுத்து உடனே ரத்தக்கட்டி கரைக்கிற ஊசின்னு ஒண்ணு போட்டாங்க. அப்புறம் கோயம்புத்தூருக்கு அனுப்பி மறுநாள் அங்க ஆஞ்சியோ பண்ணி ஒரு ஸ்டென்ட் வச்சாங்க. இப்ப சொந்தக்காரர் ஒருத்தர் வீட்ல வந்து உக்காந்துக்கிட்டு, அந்த ஊசியே வேஸ்ட்டு, நேரா கோயம்புத்தூர் போயிருந்தா அப்பவே ஸ்டென்ட் வச்சிருப்பாங்க, ஊசிங்கறது காசு இல்லாதவனுக்கு, ஸ்டென்ட்டுங்கறது காசு இருக்கறவனுக்குன்னு பேசிட்டே இருக்காரு. பெரியம்மா அழுவுறாங்க. உண்மையிலயே தப்பு பண்ணிட்டோமா?

3 மார்ச், இரவு 10.40

தம்பி, நீங்க தப்பு பண்ணல, யாரும் உங்களை ஏமாத்தவும் இல்ல. இதை முதல்ல பெரியம்மாகிட்ட போய் சொல்லுங்க, மிச்சத்தை அப்புறம் வந்து படிங்க.

நான் ஸ்டாஃப் நர்ஸ். முதல் மூணு வருஷம் ஒரு சின்ன டவுன்ல ஐ.சி.யூ., 2010-லேர்ந்து கோயம்புத்தூர்ல கேத் லேப், அதாவது ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் பண்ற இடம். அந்த ஊசியை கலக்கி ஏத்தினதும் இந்தக் கைதான், ஸ்டென்ட் பாக்கெட்டை பிரிச்சு டாக்டர்கிட்ட நீட்டினதும் இந்தக் கைதான். அதனால உங்க சொந்தக்காரர் சொல்றதைக் கேட்டா எனக்கு கோவமே வருது.

அட்டாக்ல என்ன நடக்குதுன்னா, ரத்தக்குழாய் உள்சுவர்ல வருஷக்கணக்கா படிஞ்ச கொழுப்புத் திட்டு திடீர்னு வெடிச்சு, அந்த இடத்துல ரத்தம் உறைஞ்சு, குழாயை அடைச்சிடுது. கட்டியாலதான் அட்டாக் வருதா, இல்ல அட்டாக் வந்ததுக்கப்புறம்தான் கட்டி சேருதான்னு டாக்டர்களுக்குள்ளயே ரொம்ப காலம் சண்டை. 1980-ல அமெரிக்காவுல ஸ்போகேன் ஊர்ல டிவுட்னு ஒருத்தர், அட்டாக் நடந்துட்டிருக்கும்போதே ஆஞ்சியோ பண்ணிப் பாத்ததை எழுதினாரு. முதல் 4 மணி நேரத்துக்குள்ள பாத்தவங்கள்ல 87 சதவீதம் பேருக்கு குழாய் முழுசா அடைச்சிருந்துச்சு. அதோட சண்டை முடிஞ்சது. அடைப்பை எடுத்தா தசை பொழைக்கும். எப்படி எடுக்கறதுங்கறதுதான் மிச்சம்: மருந்தால கரைக்கலாம், இல்ல வயரை உள்ள விட்டு பலூன்ல திறந்து ஸ்டென்ட்டுங்கற சின்ன வலைக்குழலை வைக்கலாம்.

ரெண்டுல எது மேல்னு கேட்டா, ஒரே நேரத்துல ரெண்டும் கெடைக்கும்னா ஸ்டென்ட்டுதான். 2003-ல 23 ஆய்வுகளை, மொத்தம் 7,739 பேரை சேத்துப் பாத்தாங்க. ஊசி போட்டவங்கள்ல 100-க்கு 9 பேர் இறந்தாங்க, பலூன்ல 7 பேர். மறுபடி அட்டாக் வந்தது ஊசியில 7, பலூன்ல 3. பக்கவாதமும் பலூன்ல கம்மி. இதுல ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

ஆனா "ஒரே நேரத்துல"ங்கற வார்த்தை இருக்கு பாருங்க, எல்லாமே அதுக்குள்ளதான் இருக்கு. உடுமலைலேர்ந்து கோயம்புத்தூர் 70 கிலோமீட்டர் சொச்சம். ஆம்புலன்ஸ் வரணும், ஏத்தணும், ஓட்டணும், அங்க எமர்ஜென்சியில பாக்கணும், விடிகாலைன்னா கேத் லேப் டீம் வீட்லேர்ந்து வரணும். இ.சி.ஜி.யில அட்டாக்னு தெரிஞ்ச நிமிஷத்துலேர்ந்து 120 நிமிஷத்துக்குள்ள வயர் அடைப்பைத் தாண்டும்னா ஸ்டென்ட்டுக்கு போகலாம், முடியாதுன்னா 10 நிமிஷத்துல ஊசியைப் போடு, போட்டுட்டு அனுப்பு. ஐரோப்பிய வழிமுறையில இருக்கறதே இதுதான். உங்க பெரியப்பாவுக்கு நடந்ததும் இதேதான்.

4 மார்ச், காலை 6.05

நேத்து நைட்டு டியூட்டி முடிச்சு வந்தும் தூக்கம் வரல, விட்டதை எழுதறேன்.

எந்த ஊசின்னு கேட்டு வைங்க தம்பி. டிஸ்சார்ஜ் சம்மரியில இருக்கும். நம்ம ஊர்ல பெரும்பாலும் ரெண்டு. ஒண்ணு ஸ்ட்ரெப்டோகைனேஸ், நாங்க எஸ்.கே.ன்னு சொல்லுவோம். இன்னொண்ணு டெனெக்டெப்ளேஸ், டி.என்.கே.

எஸ்.கே. பழசு. தொண்டைப் புண்ணு வர வைக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருக்கில்ல, அதுலேர்ந்து வந்தது. உறைஞ்ச ரத்தத்தை அந்தக் கிருமி கரைக்குதுன்னு டில்லெட்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1933-லயே கண்டுபிடிச்சு எழுதிட்டாரு. 15 லட்சம் யூனிட் ஒரு பாட்டில், ஃபிரிட்ஜ்ல இருக்கும். சலைனை விட்டு உள்ளங்கையில வச்சு மெதுவா உருட்டணும், குலுக்கினா நுரைச்சிடும். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு முதல்ல சொல்லிக் குடுக்கறதே அதான். அதை 100 மில்லி சலைன்ல கலந்து ஒரு மணி நேரத்துல ஏத்தணும். ஏறிட்டிருக்கும்போதே பி.பி. சட்டுனு இறங்கும், டிரிப்பை மெதுவாக்கிட்டு காலை தூக்கி வைப்போம். சிலருக்கு உடம்பு தடிக்கும், குளிர் நடுக்கம் வரும். ஒரு தடவை போட்டா உடம்புல அதுக்கு எதிர்ப்பு சேர்ந்துடும், அதனால வாழ்நாள்ல மறுபடி இந்த மருந்து கூடாது.

டி.என்.கே.வுக்கு இந்தப் பாடெல்லாம் இல்ல. எடைக்குத் தகுந்த மாதிரி 30-லேர்ந்து 50 மில்லிகிராம், ஒரே தள்ளு, 10 செகண்டுல முடிஞ்சிடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும், டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஓடிட்டிருக்கற லைன்ல தள்ளக்கூடாது, படிஞ்சிடும். ஓடுற ஆம்புலன்ஸ்லயே கூட போடலாம்.

கரைக்கறதுல வித்தியாசம் உண்டு. 1993-ல கஸ்டோன்னு 41,021 பேரை வச்சு பெரிய ஆய்வு. எஸ்.கே.வையும், டி.என்.கே.வோட மூத்த அண்ணனான டி.பி.ஏ. மருந்தையும் ஒப்பிட்டாங்க. 30 நாள் இறப்பு டி.பி.ஏ.ல 6.3 சதவீதம், எஸ்.கே.ல 7.3 பக்கம். 90 நிமிஷத்துல ஆஞ்சியோ பண்ணிப் பாத்தவங்கள்ல முழு ஓட்டம் திரும்பினது டி.பி.ஏ.ல 54 சதவீதம், எஸ்.கே.ல 30 பக்கம்தான். அப்புறம் 1999-ல டி.என்.கே.யும் டி.பி.ஏ.வும் இறப்புக் கணக்குல சமம்னு வந்துச்சு, 6.18, 6.15. மூளைக்கு வெளியில ரத்தக்கசிவு டி.என்.கே.ல கம்மி.

4 மார்ச், மதியம் 1.20

விலை கேட்டவருக்கு. எஸ்.கே. சில ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிடும், அரசு ஆஸ்பத்திரியில இலவசம். டி.என்.கே. அதைவிட பல மடங்கு. நான் டவுன்ல இருந்தப்ப டி.என்.கே.ன்னு டாக்டர் சொன்னா சொந்தக்காரங்க வராண்டாவுல நின்னு போன் போட்டு காசு திரட்டுவாங்க, அந்த இருபது நிமிஷத்துல தசை செத்துட்டிருக்கும். அந்த நேரத்துக்கு கையில இருக்கற எஸ்.கே.வை போடறதுதான் சரின்னு அப்பவும் நினைச்சேன், இப்பவும் நினைக்கறேன். ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில மத்திய அரசு உச்சவரம்பு வச்சப்ப மருந்து பூசின ஸ்டென்ட் 29,600 ரூபாய்னு வந்துச்சு, அதுக்கு முந்தி லட்சத்தைத் தாண்டி பில் போட்டதை நான் பாத்திருக்கேன். அரசு காப்பீட்டு அட்டை இருந்தா ஆஞ்சியோ, ஸ்டென்ட் ரெண்டுமே அதுல வருது. அதனால "காசு இருக்கறவனுக்கு ஸ்டென்ட்"ங்கற பேச்சு ஒரு காலத்துல நியாயம்தான், இன்னைக்கு நம்ம மாநிலத்துல தூரம்தான் பெரிய விஷயம், காசு அதுக்கு அப்புறம்.

5 மார்ச், இரவு 9.30

"ஊசியால பொழைச்சதா சொல்றதெல்லாம் சும்மா, தானா சரியாகறவங்க ஆயிடுவாங்க"ன்னு ஒரு அண்ணா எழுதியிருக்காரு. இல்லண்ணா. மருந்து குடுக்காம இருந்தா என்ன ஆகும்னே ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க.

இத்தாலியில 1986-ல ஜிஸ்ஸின்னு ஒரு ஆய்வு, கிட்டத்தட்ட 12,000 பேர். எஸ்.கே. போடாதவங்கள்ல 100-க்கு 13 பேர் இறந்தாங்க, போட்டவங்கள்ல 10.7. என்னடா ரெண்டு பேர்தானான்னு தோணும். நேரத்தைப் பிரிச்சுப் பாருங்க: வலி ஆரம்பிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள மருந்து போனவங்கள்ல இறப்பு கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது, மணி ஏற ஏற பலன் கரைஞ்சுக்கிட்டே போச்சு. ஒரே மருந்து, ஒரே அளவு, கடிகாரம் மட்டும்தான் வேற.

ரெண்டு வருஷம் கழிச்சு ஐசிஸ்-2ன்னு இன்னொரு ஆய்வு. 17,187 பேர். இதுல ஆஸ்பிரினையும் சேத்தாங்க. ரெண்டும் கெடைக்காதவங்கள்ல 5 வாரத்துல 13.2 சதவீதம் இறந்தாங்க, ரெண்டும் கெடைச்சவங்கள்ல 8. ஒத்தை ஆஸ்பிரின் மாத்திரை, எஸ்.கே. பாட்டில் பண்ண அளவு வேலையை பண்ணியிருந்துச்சு! அதனாலதான் அட்டாக்னு தெரிஞ்சவுடனே ஆஸ்பிரினை மென்னு முழுங்கச் சொல்றோம். நம்ம மாநிலத்துல 2023-லேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாடின் மாத்திரைகளோட முதல் டோஸ் குடுத்து அனுப்பற "இதயம் காப்போம்" திட்டம் வந்திருக்கு, அதுக்கு வேர் இங்கதான் இருக்கு.

இந்த ஐசிஸ்-2-ல ஒரு கூத்து உண்டு. ஆய்வை வெளியிட்ட மருத்துவப் பத்திரிகைக்காரங்க வயசு வாரியா, ஆணா பெண்ணா வாரியா பிரிச்சுக் காட்டுங்கன்னு கேட்டாங்களாம். சின்னச் சின்னதா வெட்டினா பொய்யான முடிவு வரும்னு காட்டறதுக்காகவே, ஆராய்ச்சி பண்ணவங்க ராசி வாரியாவும் பிரிச்சுப் போட்டாங்க. மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் வேலை செய்யல, மத்த பத்து ராசிக்கும் பிரமாதமா வேலை செஞ்சுதுன்னு வந்துச்சு. எங்க அம்மா துலாம், இதைச் சொன்னப்ப நிஜமாவே முகம் வாடிப் போச்சு. அது வெள்ளைக்காரங்க ராசிம்மா, பிறந்த தேதியை வச்சு போடறது, உங்களுக்குப் பொருந்தாதுன்னு சொன்னதுக்கப்புறம்தான் சோறு சாப்பிட்டாங்க.

6 மார்ச், காலை 11.00

ரெண்டு திருத்தம்.

ஒண்ணு, "வாழ்நாள்ல மறுபடி கூடாது"ன்னு எழுதினது எஸ்.கே.வுக்கு மட்டும். அதைப் படிச்சிட்டு ஒருத்தங்க, எங்க மாமனாருக்கு ஒரு தடவை ஊசி போட்டாச்சு, இனி அட்டாக் வந்தா ஊசியே போட முடியாதான்னு பயந்து கேட்டிருக்காங்க. டி.என்.கே. போடலாம்மா. முன்னாடி எஸ்.கே. போட்டிருக்குன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும், அவ்வளவுதான்.

ரெண்டாவது, ஊசி போட்டதோட வேலை முடிஞ்சமாதிரி எழுதிட்டேன். முடியல. 60-லேர்ந்து 90 நிமிஷத்துல மறுபடி இ.சி.ஜி. எடுக்கணும். முதல் இ.சி.ஜி.யில மேல தூக்கிக்கிட்டு நின்ன எஸ்.டி. கோடு பாதிக்கு மேல இறங்கியிருக்கணும், நெஞ்சுவலியும் விட்டிருக்கணும். இறங்கலன்னா மருந்து வேலை செய்யலன்னு அர்த்தம், அப்ப மறுநாள்னு காத்திருக்கக்கூடாது, உடனே கேத் லேப். அதுக்கு ரெஸ்க்யூன்னு பேரு. ஊசி தோத்தவங்களை வச்சு 2005-ல ரியாக்ட்னு ஒரு ஆய்வு, 427 பேர். ஆறு மாசத்துல பெரிய அசம்பாவிதம் இல்லாம இருந்தவங்க ரெஸ்க்யூ ஸ்டென்ட்ல 84.6 சதவீதம், மறுபடி ஊசி போட்டவங்க, சும்மா மருந்தோட விட்டவங்க ரெண்டு பக்கமும் 70 பக்கத்துலதான். மறுபடி ஊசி போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல.

அதனாலதான் ஊசி போட்டவுடனே நோயாளியை கேத் லேப் இருக்கற ஊருக்கு கிளப்பிடணும்னு சொல்றது. வேலை செஞ்சுதா இல்லையாங்கறதை வழியிலயோ அங்க போயோ பாத்துக்கலாம். வேலை செஞ்சிருந்தாலும் 2 மணி நேரத்துலேர்ந்து 24 மணி நேரத்துக்குள்ள ஆஞ்சியோ பண்ணிடணும், ஏன்னா கட்டி கரைஞ்சாலும் வெடிச்ச திட்டு அங்கயேதான் உக்காந்திருக்கு.

இப்படி ஊசி முதல்ல, ஆஞ்சியோ அப்புறம்னு சேத்துப் பண்றதை நேரடி ஸ்டென்ட்டோட ஒப்பிட்டது 2013-ல வந்த ஸ்ட்ரீம் ஆய்வு. 1,892 பேர். எல்லாரும் வலி வந்து 3 மணி நேரத்துக்குள்ள வந்தவங்க, ஒரு மணி நேரத்துல ஸ்டென்ட் கெடைக்க வழி இல்லாதவங்க. 30 நாள்ல இறப்பு, ஷாக் (பி.பி. விழுந்து உடம்பு ஜில்லுனு ஆகறது), ஹார்ட் ஃபெயிலியர், மறு அட்டாக் எல்லாம் சேத்து ஊசி வழியில 12.4 சதவீதம், நேரடி ஸ்டென்ட்ல 14.3. கிட்டத்தட்ட சமம். ஊசி போட்டவங்கள்ல 36 சதவீதம் பேருக்கு அவசர ஆஞ்சியோ தேவைப்பட்டுச்சு, மிச்சப் பேர் நிதானமா மறுநாள் பண்ணிக்கிட்டாங்க. உங்க பெரியப்பா இந்த மிச்சப் பேர்ல ஒருத்தர் தம்பி.

8 மார்ச், இரவு 11.50

இவ்வளவு எழுதறீங்களே, உங்க வீட்ல யாருக்காவது வந்திருக்கான்னு ஒருத்தர் கேட்டாரு. வந்திருக்கு.

எங்க அப்பா வால்பாறையில எஸ்டேட்ல வேலை பாத்தவரு. 2012 ஜூலை, நல்ல மழை. விடிகாலை நாலரைக்கு நெஞ்சு பாரமா இருக்குன்னு எழுந்து உக்காந்தாரு. வாயுன்னு நினைச்சு அம்மா ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தாங்க. சட்டை நனையற அளவுக்கு வேர்த்தப்புறம்தான் என் தம்பி ஜீப் புடிச்சான். ஆறு மணிக்கு, மலை மேலயே இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தாங்க. பத்து நிமிஷத்துல இ.சி.ஜி., பாத்தவுடனே அந்த டூட்டி டாக்டர் சொல்லிட்டாரு, முன்பக்க பெரிய குழாய் அடைச்சிருக்கு, எஸ்.கே. இருக்கு, போட்டு அனுப்பறேன்னு. சின்ன வயசு டாக்டர். எங்க குடும்பத்துல பேசி, வேணாம், நேரா கோயம்புத்தூர் போயிடலாம்னு முடிவு பண்ணோம். கேத் லேப்ல நான் இருக்கேன்ல.

ஆறரைக்கு ஆம்புலன்ஸ் கிளம்புச்சு. வால்பாறை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், ஆழியாறு இறங்கறதுக்குள்ள 40 கொண்டை ஊசி வளைவு. பனி, மழை, எதுத்தாப்ல டீ லாரி. பொள்ளாச்சி வர்றப்ப எட்டு அம்பது. கோயம்புத்தூர் பத்து மணிக்கு பத்து நிமிஷம். லேப்ல வேற ஒரு கேஸ் டேபிள் மேல, அவரும் அட்டாக்தான், இறக்க முடியாது. அப்பா வெளிய ஸ்ட்ரெச்சர்ல, நான் பக்கத்துல கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன், நாடி குறைஞ்சுக்கிட்டே போகுது. பலூன் விரிஞ்சப்ப மணி 10.50.

இ.சி.ஜி. எடுத்து நாலு மணி நேரம் நாப்பது நிமிஷம். 120 நிமிஷம்னு மேல எழுதியிருக்கேன்ல, அதை விட ரெண்டு மடங்குக்கும் மேல.

குழாய் அழகா திறந்துச்சு. ஸ்கிரீன்ல பாத்தா பாடப் புத்தகத்துல போடற மாதிரி ரிசல்ட். ஆனா தசை அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. எக்கோவுல, அதாவது இதய ஸ்கேன்ல, பம்பிங் 30 சதவீதம். அப்புறம் நாலரை வருஷம் இருந்தாரு. வீட்டு வாசல்லேர்ந்து ரோட்டுக்கு ஏர்ற பதினெட்டு படியை ரெண்டு தடவை உக்காந்து உக்காந்து ஏறுவாரு. மலையிலயே பொறந்து வளந்தவரு.

9 மார்ச், காலை 5.30

நேத்து எழுதினதுல ஒண்ணை மாத்தி எழுதிட்டேன், ராத்திரி பூரா அதே உறுத்தல்.

"குடும்பத்துல பேசி முடிவு பண்ணோம்"னு எழுதியிருந்தேன். குடும்பத்துல யாரும் பேசல. தம்பி எனக்கு போன் பண்ணி, அக்கா டாக்டர் ஊசி போடறேங்கறாரு, போடவான்னு கேட்டான். வேண்டாம்டா, போட விடாத, நேரா இங்க கூட்டிட்டு வான்னு சொன்னது நான். டாக்டரே போனை வாங்கி, சிஸ்டர், டைம் ஆயிடும்னு சொன்னாரு. நான் கேத் லேப் சிஸ்டர் சார், எனக்குத் தெரியும்னு சொன்னேன்.

எஸ்.கே.வை என் கையால எத்தனை பேருக்கு ஏத்தியிருக்கேன். ஆனா கேத் லேபுக்கு வந்து ரெண்டு வருஷத்துல, தினம் தினம் குழாய் திறக்கறதைப் பாத்துப் பாத்து, ஊசிங்கறது ஏதோ பழங்காலத்து வைத்தியம்னு மனசுல ஏறிடுச்சு. டென்மார்க்ல 1,572 பேரை வச்சு பண்ண டனாமி-2 ஆய்வைப் பத்தி லேப்ல அடிக்கடி பேசுவோம், ஆம்புலன்ஸ்ல வேற ஊருக்கு கொண்டுபோய் ஸ்டென்ட் வச்சாலும் ஊசியை விட நல்லதுன்னு அதுல வந்திருந்துச்சு. அதை மட்டும்தான் மனசுல வச்சிருந்தேன். அங்க கிட்டத்தட்ட எல்லாரையுமே ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொண்டுபோய் சேத்துட்டாங்க, டென்மார்க் சமதரை, வால்பாறை மூவாயிரத்து ஐநூறு அடி. இதை யோசிக்கவே இல்ல.

அந்த டாக்டரை பிற்பாடு தேடிப் போனேன். வேற ஊருக்கு மாத்தலாகிப் போயிருந்தாரு. அவர்கிட்ட சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லல.

10 மார்ச், மாலை 4.10

எல்லாரும் எழுதினதுக்கு நன்றி. ஆனா இப்ப இன்னொரு பக்கம் சாயறீங்க, "அப்ப எல்லாருக்கும் ஊசியே போட்டுடலாமே"ன்னு. அதுவும் தப்பு, அதையும் சொல்லிடறேன்.

டவுன்ல இருந்தப்ப ஒரு பாட்டிம்மா, எழுபத்தெட்டு வயசு, பி.பி. அதிகம். எஸ்.கே. முழுசா ஏறிடுச்சு, நெஞ்சுவலி நின்னுடுச்சு, காபி கேட்டாங்க. மூணு மணி நேரம் கழிச்சு பேச்சு குழறுச்சு, ஒரு பக்கம் விழுந்துடுச்சு. மூளையில கசிவு. மறுநாள் காலையில இறந்துட்டாங்க. யாரும் தப்பு பண்ணல, அந்த மருந்தோட குணமே அதுதான், கட்டி எங்க இருந்தாலும் கரைக்கும். ஸ்ட்ரீம்ல மூளைக்கசிவு ஊசி பக்கம் 1 சதவீதம், ஸ்டென்ட் பக்கம் 0.2. நடுவுலயே 75 வயசுக்கு மேல டி.என்.கே. அளவை பாதியாக்கினாங்க, அதுக்கப்புறம் குறைஞ்சுது.

முன்னாடி எப்பவாவது மூளையில ரத்தக்கசிவு வந்தவங்க, சமீபத்துல பக்கவாதம் வந்தவங்க, போன மாசம் பெரிய ஆபரேஷனோ தலையில அடியோ பட்டவங்க, வயித்துல ரத்தம் கசியறவங்க, இவங்களுக்கெல்லாம் ஊசி கூடாது, எவ்வளவு தூரமா இருந்தாலும் கேத் லேபுக்குத்தான். நெஞ்சுவலி முதுகைக் கிழிச்சுக்கிட்டுப் போற மாதிரி இருந்தா அது மகாதமனி, அதாவது இதயத்துலேர்ந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாய், கிழிஞ்சதா இருக்கலாம், அதுல ஊசி போட்டா எமன். பி.பி. விழுந்து கை கால் ஜில்லுனு ஷாக்ல வந்தவங்களுக்கும் மருந்து சரியா போய்ச் சேராது. 1999-ல வந்த ஷாக் ஆய்வுல, சீக்கிரம் ஸ்டென்ட்டோ பைபாஸோ பண்ணவங்கள்ல ஆறு மாசத்துல பாதிப் பேர் இறந்தாங்க, முதல்ல மருந்தோட நிறுத்தி வச்சவங்கள்ல 63 சதவீதம். பாதிப் பேர் இறந்ததைத்தான் அங்க ஜெயிச்சதா எண்ணிக்கறோம்.

அப்புறம் கேத் லேப் பக்கத்துலயே இருக்கறவங்க, கோயம்புத்தூர் டவுனுக்குள்ள, சென்னைக்குள்ள, மதுரைக்குள்ள இருக்கறவங்க ஊசியைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். உள்ள நுழைஞ்சு 90 நிமிஷத்துல பலூன், அதுதான் அவங்க கேக்க வேண்டியது.

12 மார்ச், இரவு 8.45

"எங்க சித்தப்பா மூணாவது நாள் போனாரு, குழாய் முழு அடைப்புன்னு தெரிஞ்சும் ஸ்டென்ட் வைக்க மாட்டேன்னுட்டாங்க, காசு புடுங்கத் தெரியாத ஆஸ்பத்திரி போல"ன்னு ஒருத்தர். இல்லங்க, அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க. வலி இல்லாம, நாடி பி.பி. நல்லா இருக்கறப்ப, 3 நாளுக்கு மேல ஆன முழு அடைப்பைத் திறந்து பலன் இல்லன்னு 2006-ல 2,166 பேரை வச்சு பாத்துட்டாங்க. திறந்த குழாய்க்கு அந்தப் பக்கம் உயிருள்ள தசை இருக்கணுமே.

நம்ம ஆளுங்க லேட்டா வர்றதுதான் பெரிய வியாதி. 2008-ல வந்த கிரியேட் கணக்கு, நாடு முழுக்க 89 ஆஸ்பத்திரி, 20,000 பேருக்கு மேல. வலி ஆரம்பிச்சு ஆஸ்பத்திரி வந்து சேர நடுத்தரமா 360 நிமிஷம். ஆறு மணி நேரம்! வந்தப்புறம் ஊசி போட 50 நிமிஷம்தான் ஆகியிருக்கு. ஊசியா ஸ்டென்ட்டான்னு நாம இங்க அடிச்சுக்கறது அந்த 50 நிமிஷத்தைப் பத்தி, ஓமத்தண்ணியும் சோடாவும் தின்னது அந்த 360-ஐ.

கோயம்புத்தூர்லயும் சென்னையிலயும் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி ரெண்டு டாக்டர்களும் சேர்ந்து நடத்தின தமிழ்நாடு ஸ்டெமி திட்டம் பத்தி தெரிஞ்சுக்கணும். ஸ்டெமின்னா எஸ்.டி. கோடு மேல தூக்கற, இந்த மாதிரி பெரிய அட்டாக். சின்ன ஆஸ்பத்திரிகளை ஒரு பெரிய கேத் லேப் ஆஸ்பத்திரியோட கோத்து, 108 ஆம்புலன்ஸை சேத்து, முதல்ல ஊசி போட வேண்டிய இடத்துல ஊசி, அப்புறம் ஆஞ்சியோவுக்கு அனுப்புன்னு ஒழுங்கு பண்ணாங்க. 2017-ல முடிவு வந்துச்சு, 2,420 பேர். ஆஞ்சியோ கெடைச்சவங்க 35 சதவீதத்துலேர்ந்து 60.8 ஆனாங்க, ஒரு வருஷ இறப்பு 17.6-லேர்ந்து 14.2 ஆச்சு. புது மருந்து ஒண்ணும் இல்ல, புது ஸ்டென்ட்டும் இல்ல. யாரு யாருக்கு எப்ப போன் பண்ணணும், வண்டி எங்க போகணும், இவ்வளவுதான் மாத்தினாங்க. அப்பாவை நினைச்சுக்கிட்டேதான் அதைப் படிச்சேன்.

15 மார்ச், மதியம் 2.30

பைபாஸ் பத்தி கேட்டவருக்கு சின்னதா: அட்டாக் நடந்துட்டிருக்கற நேரத்துல பைபாஸ் அபூர்வம், நெஞ்சைத் திறக்கறதுக்குள்ள தசை போயிடும். அடைப்புகளோட அமைப்பு ஸ்டென்ட்டுக்கு ஒத்துவரலன்னா, நிலைமை நிதானமானப்புறம் பண்ணுவாங்க.

கட்டியை உறிஞ்சி எடுக்கற டியூப் பத்தி ஒருத்தர் கேட்டிருந்தாரு. இதுல நான் மனசு மாறினவ. 2008-ல டாபாஸ்னு நெதர்லாந்து ஆய்வு நல்லா இருக்குன்னு சொன்னப்புறம் எங்க லேப்ல ஏறக்குறைய எல்லா கேஸ்லயும் உறிஞ்சினோம். சிவப்பா வெள்ளையா கட்டி வெளிய வந்து கிண்ணத்துல விழறப்ப எவ்வளவு திருப்தியா இருக்கும் தெரியுமா, சொந்தக்காரங்களுக்கும் காட்டுவோம். அப்புறம் ரெண்டு ஆய்வு, டேஸ்ட்டுன்னு 7,244 பேர், டோட்டல்னு 10,000 பேருக்கு மேல, ரெண்டுலயும் உயிர் பொழைக்கறதுல ஒரு லாபமும் இல்ல, டோட்டல்ல பக்கவாதம் கொஞ்சம் கூடியிருந்துச்சு. இப்ப ரொம்பக் கட்டி இருந்தாதான் அந்த டியூபை எடுக்கறோம். கண்ணால பாத்த திருப்தியை நம்பினது எனக்கு இது ரெண்டாவது தடவை.

20 மார்ச், இரவு 10.15

தம்பி, பெரியப்பா எக்கோவுல பம்பிங் 52 சதவீதம்னு போட்டிருந்தீங்க, படிச்சிட்டு சமையல்கட்டுல நின்னு அம்மாகிட்ட சத்தமா சொன்னேன். ஸ்டென்ட் உள்ள இருக்கறதால அந்த ரெண்டு மாத்திரையும், ஆஸ்பிரினும் கூட ஒண்ணும், டாக்டர் சொல்லாம ஒரு நாள் கூட நிறுத்தக்கூடாது. பல்லு புடுங்கறேன்னு சொல்லி நிறுத்திட்டு ஸ்டென்ட் அடைச்சு வந்தவங்களை டேபிள்ல பாத்திருக்கேன். இன்னொரு குழாய்லயும் அடைப்பு இருக்கு, அப்புறம் பாக்கலாம்னாங்கன்னு சொன்னீங்கல்ல, அதை விட்டுடாதீங்க. 2019-ல 4,041 பேரை வச்சு கம்ப்ளீட்னு ஒரு ஆய்வு, மிச்ச அடைப்பையும் சரி பண்ணவங்கள்ல இதய இறப்போ மறு அட்டாக்கோ 7.8 சதவீதம், விட்டவங்கள்ல 10.5. தேதி கேட்டு வாங்குங்க.

சம்மரி போட்டோவும் பாத்தேன். வலி 5.10, இ.சி.ஜி. 5.40, டி.என்.கே. 6.05. வலி வந்து 55 நிமிஷத்துல மருந்து உள்ள போயிருக்கு. எங்க டீம்ல காட்டினேன், எல்லாரும் ஒரு நிமிஷம் பேசல. அந்த உடுமலை பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய், அன்னைக்கு டூட்டியில இருந்த டாக்டரையும் சிஸ்டரையும் பாத்து, பெரியப்பா நல்லா இருக்காருன்னு சொல்லிட்டு வாங்க. அனுப்பிட்டா அப்புறம் என்ன ஆச்சுன்னு அவங்களுக்கு பெரும்பாலும் தெரியவே தெரியாது.

அந்த முதல் இ.சி.ஜி. காகிதத்தை நாளைக்கே ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துடுங்க. அது சூட்டுல அச்சாகற தாளு, ஒரு வருஷத்துல வெளுத்துடும். அப்பாவோடது எங்க பீரோவுல இருக்கு, இப்ப வெறும் ரோஸ் கட்டம்தான் தெரியுது.